திருஷ்டி பொம்மைக்கு ஒரு சட்டை

தெருவைப் பார்த்துக் கட்டிவிட்டுப் போன திருஷ்டி பொம்மை சாயங்காலம் வீட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது. ஜெயபாரதி அதை முதலில் காற்றின் வேலை என்றுதான் நினைத்தாள். ஆனால் அன்றைக்கு அபிராமபுரத்தில் காற்று என்ற பேச்சே இல்லை. எதிர்வீட்டு வேப்பமரம் ஓர் இலையைக்கூட அசைக்காமல் நின்றது, சாரத்தின்மேல் போர்த்தியிருந்த பச்சை வலை துவண்டு கிடந்தது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில், சவுக்குக் கம்போடு சேர்த்து இடுப்பிலும் கழுத்திலும் கயிறு சுற்றிக் கட்டிய வைக்கோல் பொம்மை, ஒரு முடிச்சுகூட நகராமல், ஆள் மட்டும் திரும்பி, சாக்குத்துணியில் கரியால் வரைந்த முகத்தைத் தாழ்த்தி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சொன்னவர்கள் பழைய வீட்டைப் பழுது பார்ப்பதைப் பற்றி வாயே திறக்கவில்லை. சுவரைச் சுரண்டினால் பழைய சுண்ணாம்பு, அதற்குக் கீழே இன்னும் பழைய சுண்ணாம்பு, ஒரு ஜன்னலைக் கழற்றினால் இரண்டு நிலை ஆடும். அவள் கணவர் தனபாலன் இதையெல்லாம் யோசிக்கிற நிலைமையில் இல்லை. திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து தியாகராய நகரில் ஜவுளிக்கடை போட்டு இருபத்தைந்து வருஷம் நின்று காட்டியவர், மகனுக்குத் தலைத் திவசம் முடிந்த மறுமாதமே மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தரையை மாற்று, சுவரை மாற்று, முதலில் வாசல் கதவை மாற்று என்றார். வெள்ளையிலேயே பதினாறு வெள்ளை இருக்கிற அட்டையை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தார். கதவா தப்புச் செய்தது என்று கேட்க ஜெயபாரதிக்கு நாக்கு வரைக்கும் வந்தது. கேட்கவில்லை.

பொம்மைக்குச் சட்டை கொடுத்தது அவள்தான். சாரம் கட்டிய அன்று மேஸ்திரி கோதண்டபாணி சமையலறை ஜன்னலில் வந்து நின்றார்.

"யம்மா, பழைய சட்டை ஒண்ணு குடேன், பேண்ட்டு என்கிட்ட கீது. பொம்மைக்கு ஓணும். வர்றவன் போறவன் கண்ணெல்லாம் ஊட்டு மேல கீது."

தனபாலனின் பழைய சட்டைகள் பரணில் ஒரு மூட்டை இருந்தன. அவள் அதைத் தொடவில்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பிளாஸ்டிக் பையை எடுத்தாள். உள்ளே நீலக் கட்டம் போட்ட சட்டை. மகன் செம்பியன் இறந்த அன்று அழுக்குக் கூடையில் கிடந்தது. அவனுடைய மற்றத் துணிகளையெல்லாம் தனபாலன் காரில் ஏற்றி ஓர் ஆசிரமத்துக்கு அனுப்பிவிட்டார். கடையில் ஆயிரம் சட்டை தொங்குகிற குடும்பத்தில் அவளுக்கு மிச்சம் இந்த ஒரு சட்டைதான். வீட்டையே புரட்டும்போது இதுவும் ஒரு நாள் அவர் கையில் சிக்கும், போய்விடும். பொம்மைக்குப் போட்டால் தினமும் கண்ணெதிரே நிற்குமே என்று அந்தத் தாய் மனசு கணக்குப் போட்டது.

"சாரோடதா?" என்றார் கோதண்டபாணி.

"ஆமா" என்றாள்.

அதற்கப்புறம் வீடு முழுக்க உப்புத்தாள் தேய்க்கும் சத்தம், தின்னர் நெடி, சுவரில் பூசி நாக்கில் ஒட்டுகிற பட்டி மாவு. பின்கட்டு அறை ஒன்றும் சமையலறையும் மட்டும் அவர்களுக்கு. வேலையாட்கள் ஆறு மணிக்குக் கை கழுவிவிட்டுப் போனால் தனபாலன் கடை சாத்தி வர ஒன்பது ஆகும். அந்த இடைநேரத்தில் வீடு அவளைத் தனியாக வைத்துக்கொண்டு ஏதேதோ முனகும். ஈரம் காய்கிற சுவர் டப்பென்று விரியும், கதவில்லாத அறைகளில் அவள் காலடியே இரண்டாகக் கேட்கும்.

ஒரு நாள் பொம்மைச் சட்டையின் இடது கை மட்டும் இரண்டு மடிப்பு மடித்துவிடப்பட்டிருந்தது. செம்பியன் அப்படித்தான் மடிப்பான். வலது கையை மடிக்க மாட்டான், கேட்டால் சிரிப்பான்.

"பொம்மைச் சட்டையை நீங்க மடிச்சு விட்டீங்களா?" என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவரிடம் கேட்டாள்.

"எனக்கு வேற சோலி இல்லையா பாரதி" என்றார் தனபாலன், தட்டைப் பார்த்தபடி.

துணியைத் தொட்டே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லிவிடுகிற மனுஷன். அந்தச் சட்டை இத்தனை நாளாக அவர் தலைக்கு மேலேயே நிற்கிறது, ஒரு தரம்கூட அண்ணாந்து பார்க்கவில்லை. பார்க்கப் பயந்தாரோ என்னவோ. அவர் மேல் அவளுக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வெள்ளையடிப்பு மேலிருந்துதான் கீழே இறங்கி வரும். மேல் வேலை முடிய முடிய சாரத்தைப் பிரித்து, பொம்மையையும் ஒவ்வொரு கட்டாகக் கீழே இறக்கினார்கள். மொட்டைமாடியிலிருந்து மாடி ஜன்னல் சன்ஷேடுக்கு வந்தது. அங்கிருந்து போர்டிகோ கூரைக்கு. கடைசியில் போர்டிகோ தூணுக்கே வந்துவிட்டது, புதுக் கதவிலிருந்து நாலு எட்டு. எங்கே கட்டினாலும், தெருவைப் பார்த்துக் கட்டினாலும், ஆறு மணிக்குப் பார்த்தால் கதவைப் பார்த்து நின்றது.

பயம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் ஆறு மணி எப்போது ஆகும் என்று காத்திருக்கத் தொடங்கினாள். பக்கத்தில் போனால் வைக்கோல் நெடி இல்லை, பெட்ரோலும் வேர்வையும் கலந்த அவன் வாசனை. "சாப்பிட்டியாய்யா" என்று கேட்பாள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பாள். தொளதொளவென்று தொங்கிய சட்டை இப்போது தோளில் இறுக்கிப் பிடித்திருந்தது. பொத்தான் இடுக்கில் துணி மெல்ல விலகி மெல்ல மூடியது. அவள் அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

போன வருஷம் ஆவணியில் நடந்ததை அவள் ஒரு நாளும் மறந்ததில்லை. செம்பியனுக்கு இருபத்தொரு வயது. கடையில் உட்கார மாட்டேன், பைக் பட்டறை வைப்பேன் என்று பிடிவாதம். சண்டை முற்றி வெளியே போனவன் பதினோரு மணிக்குத் திரும்பி வந்தான். தனபாலன் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். "இன்னைக்கு ஒருநாள் வெளிய நிக்கட்டும். அப்பதான் புத்தி வரும்." அக்கம்பக்கத்துக்குக் கேட்கக் கூடாது என்று செம்பியன் தட்டவில்லை, நகத்தால் கதவைச் சுரண்டினான். "எம்மா, தொறம்மா." ஜெயபாரதியின் கை தாழ்ப்பாள் மேல் இருந்தது. புருஷன் முகத்தைப் பார்த்தாள், கையை எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பைக் கிளம்பியது. தேனாம்பேட்டை சிக்னலை அவன் தாண்டவில்லை.

பெற்றவள் ஒரு தாழ்ப்பாளைத் திறந்திருந்தால் பிள்ளை இருந்திருப்பான். இந்த ஒரு எண்ணத்தோடுதான் அவள் தினமும் கண் விழித்தாள். இன்னொரு தரம் அவன் வந்தால் ஊரே குறுக்கே நின்றாலும் திறப்பேன் என்று சுவாமி படத்துக்கு முன்னால் சொல்லியிருந்தாள்.

வேலை முடிந்தது. மறுநாள் விடியற்காலை பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின சாயங்காலம், விளக்கு வைப்பதற்கு முன் பொம்மையை முச்சந்தியில் கொளுத்திவிட வேண்டும். ஐந்தரை மணிக்குக் கோதண்டபாணி ஆட்களை அனுப்பிவிட்டுத் தனியாக வந்து கட்டை அவிழ்த்தார். தூக்கப் போனவர் பொத்தென்று போர்டிகோ தரையிலேயே அதை விட்டுவிட்டார்.

"இன்னாம்மா இது, ஆள் கனம் கனக்குது. நான் கட்டுறப்ப ஒத்தக் கையால தூக்கினேன்." பின்னால் நகர்ந்து சட்டையையே பார்த்தார். "நெசமா சொல்லு. இது சார் சட்டை இல்லல்ல?"

"என் மகனோடது" என்றாள் ஜெயபாரதி. சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

கோதண்டபாணி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற மனுஷன், நாற்பது வருஷமாக எத்தனையோ வீட்டுக்குப் பொம்மை கட்டியவர். திட்டவில்லை.

"தப்பு பண்ட்டியேம்மா. இருக்கிறவன் துணின்னா பரவால்ல, அந்த ஒடம்பு இங்க கீது. போனவன் துணி காலியா கீதும்மா. தெருவுல கீற அத்தினி கண்ணையும் இது வாங்கி வச்சிக்கினு கீது. காலி எடம்னா எது வேணா வந்து குந்திக்கும்."

"அவன்தான் வந்திருக்கான். எனக்குத் தெரியும்."

"இது வாசல்ல நிக்கிற வரிக்கும் எதுவும் இத்த தாண்டி உள்ள வராதும்மா. கெட்டதும் வராது, நல்லதும் வராது." தெருவை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார். "தின்னர் கீது. கற்பூரமும் எலுமிச்சம்பழமும் வாங்கினு ஓடியாறேன். நீ கதவ சாத்திக்கினு உள்ளயே இரு. நான் கொரல் குடுத்தா தொற."

சைக்கிள் தெருமுனை திரும்பியது. அவள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

மழை வந்தது. பிசுபிசுவென்று தொடங்கி, வலுத்து, போர்டிகோ கூரையில் கொட்டியது. கற்பூரம் வாங்கப் போன மேஸ்திரி எங்கேயாவது ஒதுங்கியிருப்பார். கூடத்தில் இன்னும் விளக்குப் போடவில்லை. நாலு பக்கமும் புது வெள்ளைச் சுவர், ஒரு படம் இல்லை, ஓர் ஆணி இல்லை. மகன் சாய்ந்து சாய்ந்து அழுக்காக்கிய மூலைகூட வெளுத்துப்போய், யாருமே வாழாத வீடு மாதிரி இருந்தது. புதுக் கதவின் பாலிஷ் நெடி நெஞ்சை அடைத்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்தச் சட்டை எரிந்துவிடும். அதற்குப் பிறகு எதைக் கட்டிக்கொண்டு அழுவது?

வெளியே எதுவோ தரையில் இழுபட்டது.

நின்றது.

மறுபடியும் இழுபட்டது. இப்போது படி மேல்.

கதவின் மறுபக்கம் சுரண்டும் சத்தம். மெதுவாக. அக்கம்பக்கத்துக்குக் கேட்காத மாதிரி.

"எய்யா?"

சுரண்டல் நின்றது. மூச்சு மட்டும். கதவிடுக்கு வழியாக, பெட்ரோலும் வேர்வையும்.

மேஸ்திரி சொன்னது ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் இருந்தது. ஆனால் இந்தத் தடவை யார் முகத்தையும் அவள் பார்க்க வேண்டியதில்லை. தாழ்ப்பாளை இழுத்தாள்.

நின்றுகொண்டிருந்தது. காலில்லாத பேண்ட் முனைகள் இரண்டும் ஈரத் தரையில் ஊன்றி. கயிறு பின்னால் படி வரைக்கும் கிடந்தது. சாரலில் நனைந்த சாக்குமுகத்தில் கரி கரைந்து வழிந்தது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைத்தான் பார்த்தாள். நீலக் கட்டம். மடித்த இடது கை.

"வாய்யா. உள்ள வா. அம்மா தொறந்துட்டேன்யா."

அது சாய்ந்தது. அவள் தாங்கிக்கொண்டாள். கனம். சூடு. நெஞ்சுக்குள்ளே எதுவோ அடித்துக்கொண்டது. அவள் ஏங்கி ஏங்கி அழுதாள். அதை அணைத்தபடி ஓர் எட்டு பின்னால் வைத்தாள், இன்னோர் எட்டு. நிலையைத் தாண்டி அது உள்ளே வந்துவிட்டது.

அப்போதுதான் அதன் தோளுக்கு மேலே பார்த்தாள்.

வாசல் இரும்புக் கேட்டுக்கு வெளியே, தெருவிளக்கின் கீழ், மழையில் செம்பியன் நின்றிருந்தான். இரண்டு கையாலும் கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்தான். இருபத்தொரு வயது. அதே முகம். எவ்வளவு நாளாக அங்கே நின்றானோ, தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் கட்டிப்பிடித்திருந்ததைப் பார்த்தான்.

"எம்மா" என்றான். "யாரும்மா அது?"

முதுகைச் சுற்றியிருந்த கை இறுகியது. மூச்சுக்கு இடமில்லை. இப்போது பெட்ரோல் வாசனை இல்லை, வேர்வை இல்லை. ஈர வைக்கோல் அழுகிய நாற்றம். காதோரம் சாக்குத்துணி அசைந்தது.

செம்பியன் கேட்டை உலுக்கினான். திறக்கவில்லை.

இன்னொரு கை அவள் தோளைத் தாண்டி நீண்டு புதுக் கதவைத் தள்ளியது. கதவு மெதுவாக, சத்தமே இல்லாமல், மகனின் முகத்தின்மேல் சாத்திக்கொண்டு வந்தது. மடித்துவிட்ட நீலக் கட்டக் கையிலிருந்து வைக்கோல் ஒவ்வொன்றாக வெளியே நீண்டு, தாழ்ப்பாள் எங்கே என்று மரத்தைத் தடவிக்கொண்டிருந்தது.