தெற்குச் சுவர்

கல்யாணராமனின் தலையணையில், காதுக்குப் பக்கத்தில், வெள்ளையாக ஏதோ தூள் கிடந்தது. காலையில் இட்ட விபூதிதான் உதிர்ந்திருக்கிறது என்று ஹம்சா முதலில் நினைத்தாள். தொட்டுப் பார்த்தால் நறநறவென்றிருந்தது. சுண்ணாம்பு. நிமிர்ந்தாள். கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்திருந்தது.

சக்கரம் வைத்த ஆஸ்பத்திரிக் கட்டில் அது. பக்கவாதத்தில் விழுந்த கணவருக்காக வாடகைக்கு எடுத்தது. கொண்டுவந்த ஆட்கள் ஜன்னல் காற்று படட்டும் என்று வடக்கே தலைமாடாகப் போட்டுவிட்டுப் போக, ஹம்சா பதறிப்போய் அன்றைக்கே திருப்பிப் போட வைத்தாள். உயிரோடு இருக்கிற மனுஷரை யாராவது வடக்கே தலைவைத்துப் படுக்கவைப்பார்களா? கிழக்கே அலமாரி, மேற்கே பாத்ரூம் கதவு. மிச்சமிருந்தது தெற்குச் சுவர்தான். அபிராமபுரத்து அடுக்ககத்தில் மூன்றாவது மாடி அது. அந்தச் சுவருக்கு அப்பால் வீடு கிடையாது. வெறும் ஆகாயமும் ஒரு தென்னை மரத்தின் தலையும்தான்.

ஆகவே கட்டில்தான் நகர்ந்து போய்ச் சுவரை இடிக்கிறது என்று முடிவுகட்டினாள். சுவர் போனால் போகட்டும், கட்டில் நகர்வதுதான் ஆபத்து. இன்னொரு தடவை கீழே விழுந்தால் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். நான்கு சக்கரத்தின் பிரேக்கையும் காலால் அழுத்திப் பூட்டினாள். ஆனாலும் பகலில் அவள் கண்ணயர்ந்து எழுந்து வரும்போதெல்லாம் கட்டில் சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி நின்றது. பிரேக் எல்லாம் எடுத்துவிட்டிருந்தது.

வீட்டில் இன்னொரு ஆள் முத்துலட்சுமிதான். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், கூடவே தங்கி அவரைப் பார்த்துக்கொள்கிறவள். ஹம்சாவோ பள்ளிக்கூடத்தில் பரீட்சை அறையில் நின்று நின்று சந்தேகத்தையே தொழிலாக வைத்திருந்தவள். கட்டிலுக்குப் பின்னால் ப்ளக் பாயிண்ட் இருக்கிறது, இவள் ஃபோனுக்குச் சார்ஜ் போட இடம் பண்ணிக்கொள்கிறாள் என்று கணக்குப் போட்டுவிட்டாள். அவருடைய கண் வேறு அந்தப் பெண்ணையே தொடர்ந்தது. பேச்சு போய்விட்டது அவருக்கு. அசைவது இடதுகைச் சுட்டுவிரல் ஒன்றுதான். அதனால் கட்டில் கம்பியைத் தட்டித்தான் ஹம்சாவைக் கூப்பிடுவார். சுவரோடு கட்டிலை ஹம்சா திரும்ப ஒட்டித் தள்ளும்போதெல்லாம் அந்த விரல் தட்டிக்கொண்டே இருந்தது. இந்தப் பெண் படுத்துகிற பாட்டைத்தான் முறையிடுகிறார் என்று அவளுக்கு மனசு துடித்தது.

ஒரு நாள் மத்தியானம், வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருக்க, பக்கத்து அறையில் தூங்குகிறவள் போலக் கிடந்துவிட்டு, பூனை மாதிரி வந்து கதவிடுக்கில் பார்த்தாள். முத்துலட்சுமி மண்டியிட்டுப் பிரேக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கட்டிலை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தாள்.

கையும் களவுமாகப் பிடிபட்ட பிறகும் அந்தப் பெண் மழுப்பவில்லை.

"நாந்தாம்மா இழுத்துப் போடுதேன். அந்தச் செவரு பக்கம் கெடந்தா ஐயா பயப்படுதாக."

"அவருக்குப் பயமா, உனக்கு ஃபோன் சார்ஜ் போடணுமா? போதும்மா நீ பாத்துண்டது. இன்னிக்கே கிளம்பிடு."

முத்துலட்சுமி தன் துணிப்பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, கட்டிலை மட்டும் ஒட்டிப் போட்டுவிட வேண்டாம் என்று கெஞ்சிவிட்டுப் போனாள். போகிற போக்கில் என்னைப் பயமுறுத்தப் பார்க்கிறாளே என்று ஹம்சாவுக்கு ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் மத்தியானம் தச்சர் தௌசீஃப் வந்தார். சுவருக்குத் தடிமனாகப் பஞ்சு வைத்து அதன்மேல் பலகை அடித்தார். சக்கரங்களை ரப்பர் கிண்ணங்களில் இறக்கினார். கட்டிலின் தலைமாட்டுச் சட்டத்தை இரும்புப் பட்டை போட்டுப் பலகையோடு சேர்த்து முடுக்கினார். செவுரு உப்பிக்கினு கீது மாமி, மழைத்தண்ணி எறங்கியிருக்கும் என்று நடுவில் ஒரு வார்த்தை சொன்னார். இந்த மழையில் எந்தச் சுவர்தான் உப்பாது என்றாள் ஹம்சா.

"இனிமே யானையே வந்து இழுத்தாலும் நவராது மாமி" என்று சொல்லி, ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டு தௌசீஃப் போய்விட்டார். வேலை நடந்த நேரம் முழுக்க கல்யாணராமனின் விரல் தட்டிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பல நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. மழை ஓய்ந்து, சன்ஷேடிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. டெட்டால் வாசனை, பவுடர் வாசனை, பக்கத்து ஃப்ளாட்டில் யாரோ ரசம் தாளிக்கிற வாசனை. எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்றும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பூசிய சுவரின் ஈர வாசனை.

டொக்.

கட்டில் அசையவில்லை. அதன் கம்பியில்தான் அவள் கை இருந்தது.

டொக்.

தலையணையில் மறுபடி வெள்ளைத் தூள். பலகையின் ஓரத்திலிருந்து பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. பலகையில் உள்ளங்கையை வைத்தாள். உள்ளிருந்து எதுவோ மெதுவாகத் தள்ளியது. கையை எடுத்தாள். நேராக அடித்திருந்த பலகை நடுவில் வயிறு வைத்திருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கட்டில் இடித்திருந்தால் சுவரில் குழிதானே விழ வேண்டும்? உப்புவானேன்? அவர் கண் அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லவில்லை. வந்து இழு, வந்து இழு என்று கெஞ்சியிருக்கிறது. அவளை அனுப்பிவிட்டு, இவரை அந்தச் சுவரோடு சேர்த்துக் கட்டிவைத்தவள் நான்தான்.

பிரேக்கை உதைத்தாள். எடுபட்டது. இழுத்தாள். கிண்ணங்கள் விடவில்லை. போல்ட்டை விரலால் திருகினாள். நகம் பிய்ந்தது. ஃபோனில் தௌசீஃபைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கணவரையே தூக்கிவிடலாம் என்று கட்டில் மேல் ஏறி, அக்குளில் கை கொடுத்தாள். கனத்தார். கீழே விழுந்தால் பிழைக்க மாட்டார். விழுந்தாலும் பரவாயில்லை என்று இழுத்தாள்.

பலகை பிளந்தது. உள்ளே பஞ்சு இல்லை. ஈரமாக, சாம்பல் நிறத்தில், மூச்சு விடுவதுபோல் ஏதோ ஏறி இறங்கியது.

கட்டில் ஒரு நூல்கூட நகரவில்லை. தௌசீஃப் சொன்னது சொன்னபடிதான்.

அவர் நகர்ந்தார்.

போர்வை சுருங்கியது. கால்மாட்டுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்த பாதங்கள் மெல்ல மேலே ஏறின. நரைமுடி சுவருக்குள் போனது. பிறகு நெற்றி, காலையில் அவள் இட்ட விபூதியோடு. ஹம்சா தோளைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். அவளையும் சேர்த்து இழுத்தது. அவர் கண்கள் அவளையே பார்த்தன. புருவம் போனது.

கண்களும் போன பிறகு, அந்த இடதுகைச் சுட்டுவிரல் மட்டும் கம்பியைத் தட்டி அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.