பெரியம்மாவுக்கு வைத்த பட்டாணி

ஜூன் மாதத்தின் முதல் சனிக்கிழமை. டபிதா செருப்புகூடப் போடாமல் தோட்டத்துக்கு ஓடினாள். தம்பி வில்ஃப் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தான். அவளுக்கு வயது பத்து; அவனுக்கு ஐந்து.

இங்கிலாந்தின் லெட்பரி ஊரில் அவர்கள் வீட்டுத் தோட்டம் சின்னதுதான். ஆனால் அந்த வாரம் எல்லாமே போட்டி போட்டுக்கொண்டு வளர்ந்திருந்தன. முள்ளங்கிகள் மண்ணுக்கு மேலே சிவப்பாக எட்டிப் பார்த்தன. ஸ்ட்ராபெரிப் பழங்கள் ஒரு பக்கம் மட்டும் பழுத்திருந்தன. உருளைக்கிழங்குச் செடிகள் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தன. பட்டாணிக் கொடியிலோ காய்கள் வெடித்துவிடுவதுபோல் புடைத்துத் தொங்கின.

அந்தப் பட்டாணியைப் பறித்து உரித்துத் தரும்படி அம்மா சொல்லியிருந்தார். மாலையில் ரோஸலிண்ட் பெரியம்மா சாப்பிட வருகிறார். ஒரு பழைய தையல் இயந்திரம் யாருக்கு என்று அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சண்டை. அதனால் பெரியம்மா இரண்டு வருடமாக இந்தப் பக்கமே வரவில்லை. அவருக்குப் பட்டாணி என்றால் உயிர். அதனால்தான் முதல் பறிப்பை அம்மா அவருக்கென்று வைத்திருந்தார்.

டபிதா ஒரு காயைப் பிளந்தாள். உள்ளே எட்டு மணிகள் பளபளத்தன. ருசி பார்க்க ஒன்றை வாயில் போட்டாள். சர்க்கரைபோல் இனித்தது. அடுத்த காய் இதைவிட இனிக்குமா என்று பார்க்க வேண்டாமா? வில்ஃபும் பார்த்தான். இருவரும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

கொடி காலியானபோது கிண்ணத்தில் பதினொரு மணிகள்தான் இருந்தன.

“நான் ஒண்ணே ஒண்ணுதான் தின்னேன்” என்றான் வில்ஃப்.

“அப்போ காதுல எப்படிடா தோல் ஒட்டியிருக்கு?”

வில்ஃப் காதைத் துடைத்துக்கொண்டான். பிறகு ஒரு யோசனை சொன்னான். ஃப்ரிட்ஜில் கடைப் பட்டாணி ஒரு பை இருக்கிறது. அதைக் கொட்டிவிட்டால் யாருக்கும் தெரியாது. டபிதாவுக்கும் ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. அதற்குள் தெருவில் கார் வந்து நின்றது.

டபிதா வாசலுக்கு ஓடினாள். வேலிக் கதவுக்கு வெளியே வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்த ரோஸலிண்ட் பெரியம்மா நின்றிருந்தார். கை தாழ்ப்பாளில் இருந்தது. ஆனால் திறக்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போய்விடுவார்போல் இருந்தது.

டபிதாவுக்குப் பயமாகிவிட்டது. மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

“பெரியம்மா, உங்களுக்குன்னு அம்மா வச்சிருந்த பட்டாணிய நாங்க தின்னுட்டோம். அம்மா மேல கோவப்படாதீங்க. உருளைக்கிழங்கை இன்னும் யாரும் தொடல. எத்தனை இருக்குன்னு யாருக்கும் தெரியாது. முதல்ல நீங்க தோண்டுறீங்களா?”

பெரியம்மா அவளைப் பார்த்தார். தன் கால்சட்டையைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்தார்.

செடியைப் பிடித்து டபிதா இழுத்தாள். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. கருப்பு மண்ணுக்குள் கோலிக்குண்டுகளைப்போல் கிழங்குகள் மின்னின. பெரியம்மா முழங்காலிட்டு இரண்டு கைகளையும் மண்ணுக்குள் விட்டார். ஒன்று, இன்னொன்று, அதற்குக் கீழே இரண்டு. புழு வந்தபோதுகூட அவர் நிறுத்தவில்லை; வில்ஃபிடம் கொடுத்துவிட்டுத் தோண்டினார்.

அப்போது சமையலறைக் கதவு திறந்தது. அம்மா கரண்டியும் கையுமாக அப்படியே நின்றார்.

பெரியம்மா முட்டையளவுக் கிழங்கு ஒன்றை உயர்த்திக் காட்டினார். “பெருசு எனக்குத்தான், ஃப்ரான்.”

“அதுவா பெருசு?” என்றார் அம்மா. “தள்ளு.”

கரண்டியைப் புல்லில் போட்டுவிட்டு அக்காவின் பக்கத்தில் மண்டியிட்டார். சின்ன வயதில் தன் கிழங்கை மற்றவர் திருடியதாக ஒருவர் சொல்ல, இன்னொருவர் மறுக்க, இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணீரைத் துடைத்தார்கள். இருவர் கன்னத்திலும் சேறு.

கிழங்குகளை வேகவைத்து, வெண்ணெயும் புதினாவும் போட்டு, வெளியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெரியம்மா மூன்றாவது முறை தட்டை நீட்டினார்.

“அடுத்த சனிக்கிழமை என்ன தோண்டணும்?” என்று டபிதாவிடம் கேட்டார்.

அம்மா முந்திக்கொண்டார். “பீட்ரூட். பழைய துணி போட்டுக்கிட்டு வா.”