அவரைத்தான் கேட்டேன்

"பேரு, வயசு, எங்க இருக்கீங்க?" என்று வக்கீல் கேட்டதுதான் தாமதம். மாமாவின் சக்கர நாற்காலியைப் பிடித்து நின்றவன், மூன்றுக்கும் மூச்சுவிடாமல் பதில் சொல்லி முடித்துவிட்டான்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "நான் அவரைத்தான் கேட்டேன்."

"மாமாவுக்குப் பக்கவாதம் வந்ததுலேர்ந்து பேச்சு வராதுங்க..."

"எனக்கு அவசரமில்ல. நான் அவரோட வக்கீல், உங்களோட வக்கீல் இல்ல. வாயை மூடிட்டு இருக்க முடியும்னா இருங்க. இல்லேன்னா வெளிய நில்லுங்க."

சுருக்கென்றது அவனுக்கு. பகலெல்லாம் டாக்சி ஓட்டி, ராத்திரியெல்லாம் மாமாவைப் புரட்டிப் படுக்கவைக்கிறவன் அவன். இவள் யார், நேற்று வந்தவள்... முறைக்கத்தான் நிமிர்ந்தான். ஆனால் அந்தக் கண்கள்... மழைக்கு முந்தைய வானம் மாதிரி, கறுத்து, கனிந்து... முறைப்பு பாதியிலேயே நின்றுபோனது.

மாமாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கணும் என்று பெரியம்மா கோர்ட்டுக்குப் போயிருந்தாள். எங்கே இருக்க விருப்பம் என்று மாமாவே சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாவிட்டால், கோர்ட் முடிவு செய்துவிடும்.

அவள் தன் நாற்காலியை மாமாவின் முழங்காலருகே இழுத்துப் போட்டாள். "ஐயா, எங்க இருக்க ஆசைப்படறீங்க?"

மாமாவின் உதடு கோணி அசைந்தது. சத்தம் வரவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. 'வீடுன்னு சொல்லு மாமா...' அவனுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான், விழுங்கிவிட்டான்.

போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. காபி ஆறியது. தொடவில்லை. அடேயப்பா... ஒரு மனுஷிக்கு இப்படிக்கூடக் காத்திருக்க வருமா?

"மா...ப்ளே."

படுத்த பிறகு மாமா அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

"மாப்ளே... வீடு..." மூச்சு வாங்கியது. அவள் இன்னும் காத்திருந்தாள். "ராத்திரிக்கு... வேற ஆளு... இவன்... தூங்கணும்."

கண்ணை மூடிக் கிடந்த மாமா, அவன் தூங்காததையெல்லாம் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்! உள்ளே இவ்வளவு பேச்சு இருந்திருக்கிறது... அவன்தான் வழிவிடவில்லை.

கோர்ட்டிலும் மாமா அதையே சொன்னார். கோர்ட் அதை ஏற்றுக்கொண்டது. "என் தம்பி பேசுவான்னு எனக்கு யாருமே சொல்லலியே!" என்று பெரியம்மா மூக்கைச் சிந்தினாள். ராத்திரிக்கு ஓர் ஆள் ஏற்பாடானது.

கேஸ் முடிந்து வெளியே வந்தால், அதே மழை. அவள் குடையை விரிக்காமல் வாசலில் நின்றாள். அவன் மாமாவின் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"மேடம்... வந்து... உங்கள..."

"ம்? என்ன?"

"இல்ல... டாக்சி வேணுமான்னு..."

அவள் காத்திருந்தாள். அன்றைக்கு மாதிரியே... அவசரமே இல்லாமல். நாற்காலியிலிருந்து மாமா தொண்டையைச் செருமினார்.

"இவனுக்கு... பேச்சு... வராது."

அவள் கண்ணில் நீர் முட்டச் சிரித்தாள். "ஐயா, நான் அவரைத்தான் கேட்டேன்."

"உங்களப் பிடிச்சிருக்கு!" போட்டு உடைத்துவிட்டான்.

"எனக்குந்தான்..." குரல் மழையைவிட மெல்லியதாக வந்தது. "இன்னிக்குவரைக்கும் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். இனிமே நான் மாமாவோட வக்கீல் இல்லியே."

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் யாராவது பேச நேரம் எடுத்துக்கொண்டால், கொஞ்சம் பொறுங்கள்.