பூட்டிய அலமாரிக்குள் கம்பளிகள்

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம். ரோடெங்கும் வெட்டிச் சாய்த்த புளியமரங்கள். பஸ் இல்லாததால் நர்ஸ் ரங்கம்மாள் அடிவாரத்திலிருந்து மழையில் நடந்தே கல்வராயன் மலையேறினாள். கரியாலூருக்கு அப்பாலிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு மதியம் வந்து சேர்ந்தாள். இரண்டு கட்டில், பூட்டிய இரும்பு அலமாரி, ஈரச் சுண்ணாம்பு வாடை. ஆளில்லை.

சற்று நேரத்தில் சடையன் தன் மனைவி பழனியம்மாளைத் தோளில் சுமந்து வந்தான். விடிந்ததிலிருந்து சாமைக்காட்டில் நனைந்தவள். உதடு நீலம் பாரித்திருந்தது, பேச்சு குழறியது. நடுக்கம்கூட நின்றுபோயிருந்தது. அதைப் பார்த்துத்தான் ரங்கம்மாள் பயந்தாள்.

சடையன் மனைவியை ஒரு கட்டிலில் கிடத்தி, அவள் கைகளைப் பரபரவென்று தேய்த்தான். இடுப்பிலிருந்து சாராய பாட்டிலை எடுத்தான்.

"தேய்க்காதப்பா. சாராயம் குடுத்தா இருக்கிற சூடும் போயிடும். ஈரத்துணிய அவுரு. தலைய மூடணும்."

"போத்த இன்னா இருக்குது நர்சம்மா?"

கம்பளிகள் அலமாரிக்குள் இருந்தன. சாவி கம்பவுண்டர் அரங்கநாதனிடம். மறியலைச் சாக்குச் சொல்லிக் கீழே வீட்டிலேயே தங்கிவிட்டார்.

"ரோட்டத்தான மறிச்சாங்க. அந்தாள் காலையுமா மறிச்சாங்க?" ரங்கம்மாள் பல்லைக் கடித்தாள்.

"போன வருஷமும் இப்படித்தாங்க," என்றான் சடையன், காலியாகக் கிடந்த மற்றக் கட்டிலைக் காட்டி. "எங்க அக்கா அந்தக் கட்டில்லதான் வெறச்சி செத்துச்சு. சாவி கீழ இருக்குதுன்னாங்க."

காலிக் கட்டில் கிறீச்சிட்டது.

ஈரக் கால்கள் தரையில் ஒட்டி ஒட்டி எழும் சத்தம். அது அலமாரி வரை போய் நின்றது.

"குளுருது."

கிசுகிசுப்புதான். அதில் கெஞ்சல் இல்லை, ஆத்திரம் இருந்தது.

பூட்டு தெறித்து விழுந்தது.

யாரும் அதைத் தொடவில்லை.

ரங்கம்மாள் கம்பளிகளை வாரியெடுத்தாள். சடையனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, மனைவியை மார்போடு அணைத்துப் படுக்க வைத்து, இருவரையும் சேர்த்துச் சுற்றினாள். ஒரு மணி நேரம் கழித்துப் பழனியம்மாளுக்கு மறுபடி நடுக்கம் வந்தது. ரங்கம்மாளுக்கு உயிர் வந்தது. பேச்சு தெளிந்த பிறகே வெல்லம் கரைத்த வெந்நீரைப் புகட்டினாள்.

ரோடு திறந்ததும் அரங்கநாதன் பளீர் வெயிலில் வந்தார். பூட்டைப் பார்த்து முகம் சிவந்தார்.

"யாரக் கேட்டு ஒடச்சீங்க?"

"செத்தவங்களப் போய்க் கேளுங்க," என்றாள் ரங்கம்மாள்.

அவர் அலமாரியில் கை வைத்தார். அப்படியே பல் கிட்டிப்போயிற்று.

"யாரோ... கையப் புடிச்சிக்கினு..."

ரங்கம்மாளுக்குக் கோபம் ஆறவில்லை. இருந்தும் அத்தனை கம்பளியையும் அவருக்குப் போர்த்தினாள். சூடு ஏறவேயில்லை. மணிக்கட்டில் ஐந்து ஈர விரல்தடங்கள். துடைத்தாள்.

துடைத்த இடத்தில் மறுபடி நீர் கோத்தது.