ஆட்டுக்கொம்பு ஹேண்டில்

தமிழ்செல்வியின் இடது செருப்பு மட்டும் ஏன் தேய்கிறது என்று அவள் அம்மா எல்லம்மாளுக்குப் புரியவே இல்லை.

"வலது செருப்பு புதுசாட்டம் கீது. இடது செருப்பு அப்பளம் மாதிரி ஆயிடுச்சு. ஒத்தக் கால்லயாடி நடந்துகினு வர?"

"தெரியலம்மா," என்றாள் தமிழ்செல்வி. அவளுக்கு நன்றாகவே தெரியும்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் தமிழ்செல்வி, கே.ஜி.கண்டிகையிலிருந்து திருத்தணிப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் சைக்கிளில் போய் வருவாள். அம்பத்தூர் மாமா தன் மகன் வளர்ந்துவிட்டான் என்று கொண்டுவந்து கொடுத்த சைக்கிள் அது. பட்டை டயர், நேரான ஹேண்டில். அப்பா கண்ணையன் பின்னால் ஒரு கேரியரும் பொருத்திக் கொடுத்திருந்தார். எந்தக் குறையும் இல்லாத வண்டி.

குறை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. சென்னையிலிருந்து திருப்பதிக்குச் சைக்கிளிலேயே போகிறவர்கள் சிலர் கண்டிகை டீக்கடையில் நின்றார்கள். அவர்களுடைய சைக்கிள் ஹேண்டில்கள் எல்லாம் ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்திருந்தன. அதில் ஒன்றுக்கு அவள் சைக்கிளைப் போலவே பட்டை டயர்.

"இது மண் ரோட்டிலும் போகும், தார் ரோட்டிலும் பறக்கும்," என்றார் அதன் சொந்தக்காரர். "சாதாரண சைக்கிள்தான். நானே ஹேண்டிலை மாத்தினேன்."

அவ்வளவுதான். அன்று முதல் தமிழ்செல்விக்குத் தன் நேர் ஹேண்டிலைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பழைய இரும்புக் கடையில் உடைந்த ரேஸ் சைக்கிள் ஒன்று கிடந்தது. அவள் நச்சரிப்பு தாங்காமல் அப்பா ஓர் ஓட்டைப் பம்புசெட் குழாயைக் கொடுத்துவிட்டு, அந்தச் சைக்கிளின் வளைந்த ஹேண்டிலையும் பிரேக் பிடிகளையும் வாங்கி வந்தார்.

"நான் மாட்டித் தரட்டா?"

"வேணாம் நைனா. நானே மாட்டுறேன்."

மாட்டியும் விட்டாள். கை, முகம், பாவாடை எல்லாம் கிரீஸ். ஆனால் சைக்கிள் அத்தனை அழகாக இருந்தது. ஒரே ஒரு விஷயத்தைத் தவிர.

பிரேக் பிடிக்கவில்லை. பழைய பிடியை அழுத்தினால் ஒயர் நீளமாக இழுபடும், ரப்பர் கட்டை சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும். புதுப் பிடியோ ஒயரைக் கொஞ்சம்தான் இழுத்தது. கட்டை சக்கரத்தைத் தொட்டுத் தடவிக்கொடுத்தது, அவ்வளவுதான். ஒயரை இறுக்கிப் பார்த்தாள். கட்டை எந்நேரமும் உரசிக்கொண்டு, பெடலை மிதிக்கவே முடியவில்லை. திரும்பவும் தளர்த்திவிட்டாள்.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் 'நானே மாட்டுறேன்' என்று சொன்ன வாயால் எப்படிச் சொல்வது? அதோடு, பள்ளிக்கூடத்தில் வேறு பெருமையடித்து முடித்திருந்தாள்.

"பிரேக்கெல்லாம் நன்னா பிடிக்கறதா?" என்று ஸ்வர்ணா கேட்டாள். ஸ்வர்ணா அவளுடைய உயிர்த் தோழி. ஸ்வர்ணாவின் அப்பா சேஷகிரி மலைக்கோயில் மடப்பள்ளியில் சமையல் செய்பவர்.

"ஆங். நச்சுன்னு பிடிக்கும்."

சொல்லும்போதே தமிழ்செல்விக்குக் காது சூடாகிவிட்டது. அதை மறைக்க இன்னொன்றும் சொன்னாள். "ஒரு நாள் உங்கப்பாவைப் பாக்க மலைக்குப் போலாம். இறங்கும்போது மொதல் சவாரி உனக்குத்தான்."

மறுநாளிலிருந்து நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் இடது செருப்பைப் பின் டயரில் வைத்து அழுத்தினாள். சமதரையில் அது போதுமாக இருந்தது. செருப்புதான் பாவம்.

அப்போதுதான் எல்லம்மாளுக்கு அந்த யோசனை வந்தது.

"ஹேண்டில் மாத்தினா அது புது வண்டிதான். நம்ம டிராக்டருக்கே மலையிலதான் பூஜை போட்டோம். கிருத்திகை அன்னிக்கு இதுக்கும் போட்டுடலாம்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை தமிழ்செல்விக்கு. இருந்த உண்மைக் காரணத்தையோ சொல்ல வெட்கம்.

கிருத்திகை அன்று அம்மாவோடு மலைப்பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஏறினாள். மேலே வாகனங்களுக்குப் பூஜை போடும் இடத்தில் ஒரு காரும் இரண்டு ஆட்டோவும் நின்றன. அவற்றுக்கு நடுவில் அவள் சைக்கிள். சேஷகிரி சொல்லிவைத்திருந்ததால் குருக்கள் உடனே வந்துவிட்டார். ஹேண்டிலில் சந்தனம், குங்குமம், மேலே சாமந்தி மாலை. இரண்டு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்.

"ஏறி ஓட்டும்மா. பழத்தை நசுக்கிக்கிட்டு அப்படியே இறங்கிப் போ," என்றார்.

அப்பாவுடன் அங்கே நின்றிருந்த ஸ்வர்ணாவுக்குச் சொல்லவா வேண்டும்? பாவாடையை ஒதுக்கிக்கொண்டு கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். தமிழ்செல்வியின் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"போடி," என்றாள்.

தமிழ்செல்வி பாதையைப் பார்த்தாள். சரிவு, ஒரு வளைவு, அதற்குக் கீழே இன்னொரு வளைவு. கோயில் பஸ் ஒன்று முக்கி முனகி மேலே வந்துகொண்டிருந்தது. இடது காலால் மெதுவாக அழுத்திக்கொண்டே போய்விடலாம் என்று நினைத்தபடி கீழே குனிந்தாள்.

வெறுங்கால்.

கிருத்திகைக்கு மலை ஏறும்போது யாராவது செருப்புப் போடுவார்களா? அடிவாரத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவின் முகம் முழுக்கப் பெருமை. இடுப்பைப் பிடித்திருந்த ஸ்வர்ணாவின் கைகளில் ஒரு பயமும் இல்லை. அந்தக் கைகள்தான் தமிழ்செல்வியை என்னவோ செய்தன.

"ஸ்வர்ணா, இறங்கு."

"ஏன்?"

"பிரேக் பிடிக்காது. மாட்டின அன்னிலருந்தே பிடிக்கல. நான் பொய் சொன்னேன்."

ஸ்வர்ணா இறங்கினாள். கார்க்காரர் சிரித்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சேஷகிரி மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தமிழ்செல்விக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது.

எல்லம்மாள் மகளின் இடது காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அதான் அப்பளமா?" என்றாள் மெதுவாக.

தமிழ்செல்வி தலையை ஆட்டினாள். குருக்கள் தொண்டையைக் கனைத்தார்.

"அடுத்த வண்டி காத்துக்கிட்டிருக்கு. இப்ப பழத்தை நசுக்கணுமா, வேண்டாமா?"

தமிழ்செல்வி கீழே இறங்கி நின்று, சைக்கிளைத் தள்ளியே பழத்தை நசுக்கினாள்.

இறங்கும் வழி ஏறின வழியைவிட நீளமாக இருந்தது. மாலை போட்ட சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் பெண்ணைப் பார்த்தால் யார்தான் சும்மா போவார்கள்?

"இன்னாம்மா, பஞ்சரா?" என்றார் மொபெட்டில் வந்தவர்.

"இல்லீங்க. பிரேக் பிடிக்காது." முகத்தை நிமிர்த்த முடியவில்லை.

"பூஜை போட்ட வண்டியை ஏன் தள்ளிக்கினு போற?" என்றாள் பூக்கூடைக்காரி.

"பிரேக் பிடிக்காதுக்கா. நான்தான் தப்பா மாட்டிட்டேன்."

வளைவில் சைக்கிள் அவளையே இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. திடீரென்று கனம் குறைந்தது. திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் கையை உதறிவிட்டு ஓடி வந்த ஸ்வர்ணா கேரியரைப் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்," என்றாள் ஸ்வர்ணா. இன்னும் கோபம்தான்.

"வெக்கமா இருந்துச்சு."

"இப்ப மட்டும்?"

"இப்பவும்தான்."

அடிவாரம் வரை ஸ்வர்ணா கேரியரை விடவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் தமிழ்செல்வி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். திட்டு வாங்கினாள். பிறகு பழைய பிரேக் பிடிகளைத் தேடி எடுத்தாள். வளைந்த ஹேண்டிலின் மேல்பக்கம் நேராகத்தானே இருக்கிறது? பழைய பிடிகளை அங்கே மாட்டினால் என்ன? பிடியின் வளையம் சற்றுச் சிறியது. அப்பா பிடித்துக்கொள்ள, அவள் அரத்தால் ராவினாள். உள்ளே நுழைந்தது. பழைய பிடிகள் மேலே நீட்டிக்கொண்டு நிற்க, சைக்கிள் நாலு கொம்பு முளைத்த ஆடு மாதிரி ஆனது. அழகு பாதி போய்விட்டது. ஆனால் அழுத்தினால், சக்கரம் அசையவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தோழிகள் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மலைமேல் போனபோது, சேஷகிரி மகளிடம் ஒரு தூக்கில் புளியோதரை கொடுத்தார். "அம்மாவிடம் கொடு," என்றவர் சைக்கிளைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இருங்க மாமா," என்றாள் தமிழ்செல்வி. முதலில் தான் மட்டும் ஏறி, வளைவு வரை போய், நடுச்சரிவில் நிறுத்திக் காட்டினாள். பிறகு மூச்சு வாங்க மேலே தள்ளிக்கொண்டு வந்தாள்.

"நீயும் ஒருக்கா அழுத்திப் பாரு," என்று ஸ்வர்ணாவிடம் சொன்னாள்.

ஸ்வர்ணா அழுத்தியும் பார்த்தாள், சக்கரத்தை உதைத்தும் பார்த்தாள். அப்புறம் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு கேரியரில் ஏறினாள்.

ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று இறங்கினார்கள். ஸ்வர்ணாவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தூக்கில் புளியோதரை பாதிதான் இருந்தது; இருவர் வாயிலும் எண்ணெய் மினுங்கியது. அதற்கும் பிரேக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.