வெளுக்காத பீங்கான்

சூளைக் கதவு திறந்ததும் எல்லாரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

பால் வெள்ளையாக வரவேண்டிய பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் சாம்பல் பூத்து, சொரசொரப்பாக, அடுக்கடுக்காகக் கிடந்தன. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் அந்தப் பட்டறையை நடத்தும் அமிர்தம் ஒன்றை எடுத்துத் முந்தானையால் தேய்த்துப் பார்த்தார். நிறம் மாறவில்லை. வெள்ளிக்கிழமை கொச்சிக்கு லோடு போயாக வேண்டும். போகாவிட்டால் அந்த ஆர்டர் குஜராத்துக்குப் போய்விடும். அதை நம்பித்தான் பேக்கிங்கில் அத்தனை பெண்களும் வேலை பார்க்கிறார்கள்.

"எவன் அந்தப் பின்வரிசை மூட்டையப் பிரிச்சது?" என்று கத்தினான் சூப்பர்வைசர் திருமால். ஒரு வாரம் லீவில் இருந்தவன், கம்மாபுரத்திலிருந்து அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கி, தோளில் பையோடு சூளைக்கு ஓடி வந்திருந்தான். "யோவ் பாவாடை, குடோன் சாவி உன்கிட்டதான இருக்குது? என்னாத்தய்யா எடுத்துக் குடுத்த?"

குடோன் பொறுப்பாளர் பாவாடை இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அமிர்தத்தின் கோபம் வேறு பக்கம் திரும்பியது. சென்னை வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து, இந்தப் பட்டறைக்கு சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்த துர்கா பக்கத்திலேயே நின்றிருந்தாள். மண் வந்து இறங்குவதிலிருந்து லோடு கிளம்பும் வரை எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் சாஃப்ட்வேர் அது. குடோனிலிருந்து எந்த மூட்டையை எடுப்பது என்பதையும் போன வாரம் முதல் அதுதான் சொல்கிறது.

"அது மூட்டையக் காட்ட ஆரம்பிச்ச ஒரே வாரத்துல சூளையே போச்சும்மா. உன் மெஷினக் கழட்டிக்கிட்டுக் கெளம்பு."

"அக்கா, சாஃப்ட்வேரு மூட்டையக் காட்டும். சூளையக் கெடுக்காது. யாரோ கை வச்சிருக்காங்க. போலீஸுக்குச் சொல்லுங்க."

பத்து மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் வேல்விழி வந்தாள். சூளையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"வெள்ளை நிறம் எதால வருது?"

"மேல்பூச்சுல சிர்கான் பவுடர் சேக்கறோம்ங்க," என்றார் அமிர்தம். "இருக்குறதுலயே விலை கூடின சரக்கு அதுதான்."

"குடோனத் திறங்க."

மூட்டைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் வாய்ப்பக்கமும் ஒரு ஸ்டிக்கர். போன மாதம் துர்காவும் பாவாடையும் சேர்ந்து எண்ணி ஒட்டியவை. வாசல் பக்கம் புதுச் சரக்கு, சுவரோரம் பழையது. சுவரோர வரிசையில் சில மூட்டைகள் குறைந்திருந்தன.

வேல்விழி இரண்டு டீ கிளாஸ் கேட்டாள். வாசல் பக்க மூட்டையிலிருந்து ஒன்றை நிரப்பினாள். சுவரோரம் மிச்சமிருந்த மூட்டையிலிருந்து இன்னொன்றை. இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே மாவு. தராசில் வைத்தபோது முள் வேறு வேறு இடத்தில் நின்றது. சுவரோரத்துப் பவுடர் மற்றதன் எடையில் பாதிக்குக் கொஞ்சம்தான் கூட.

"குவார்ட்ஸ்!" என்றார் அமிர்தம். "இது வெறும் கல்லு மாவுங்க. இதப் போட்டா எப்படி வெளுக்கும்?"

"ஏன் பெரியவரே, தூக்கறப்ப எடை கம்மியா இருக்குதுன்னு தெரியலையா?"

"தூக்கறது எங்கம்மா? சரிச்சு டிராலில தள்ளிக்கிட்டுப் போறதுதான்," என்றார் பாவாடை.

அதற்குள் திருமால் முன்னால் வந்தான். "சப்ளையரு ஏமாத்திட்டான் மேடம். மொதல்ல அவனப் புடிங்க."

வேல்விழி குனிந்து மூட்டை வாயைப் பார்த்தாள். வாசல் பக்க மூட்டைகளில் தையலுக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சுவரோரத்து மூட்டைகளில் ஸ்டிக்கரைக் குத்திக்கொண்டு நூல் போயிருந்தது.

"சப்ளையர் இல்லை," என்றாள். "அவங்க தச்சு அனுப்பினப்ப இந்த ஸ்டிக்கரே கிடையாது. இங்க ஒட்டினதுக்கு அப்புறம்தான் யாரோ பிரிச்சு, மாத்தி, திரும்பத் தச்சிருக்காங்க. மூட்டையோட தூக்கிட்டுப் போயிருந்தா ஸ்டிக்கர் குறையும், கம்ப்யூட்டர் காட்டிக் குடுத்துடும்."

குடோனுக்குள் போய்வரும் ஆட்கள் மூன்று பேர்தான். பாவாடை, துர்கா, திருமால். ஆபீஸ் அறையில் ஒவ்வொருவராக உட்கார வைத்தாள்.

"பின்வரிசையிலேர்ந்து ஏன் எடுத்தீங்க?" பாவாடையிடம் கேட்டாள்.

"மெஷினு அததான் காட்டுச்சுங்க. பழசு மொதல்ல போவணுமாம். முன்னல்லாம் கைக்கு எட்டறத எடுப்போம். சுவரோரம் இருக்குறது அப்படியே கெடக்கும்."

"இந்தப் புது ஏற்பாடு யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு, துர்கா பொண்ணுக்கு, முதலாளியம்மாவுக்கு. திருமாலு லீவுல இருந்தாரு."

துர்காவிடம் ஒரே கேள்வி. "சூளை திறந்தப்ப யார் என்ன சொன்னாங்க? ஒரு வார்த்தை விடாம சொல்லு."

அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். வேல்விழி ஓரிடத்தில் நிறுத்தி, அதைத் திரும்பச் சொல்லவைத்தாள்.

கடைசியாகத் திருமால்.

"லீவுல யாராவது உங்களுக்கு போன் பண்ணாங்களா?"

"இல்ல மேடம். எங்க நெலத்தச் சுரங்கத்துக்கு எடுக்கறாங்க. வூட்டக் காலி பண்ற வேலைல போனையே பாக்கல."

"வந்ததும் குடோனுக்குப் போனீங்களா?"

"நேரா சூளைக்குதான் வந்தேன்."

"இங்க மூட்டைய எந்தப் பக்கத்துலேர்ந்து எடுப்பாங்க?"

"வாசப்பக்கந்தான். நான் வந்த நாள்லேர்ந்து அப்படித்தான்."

"அப்ப, 'பின்வரிசை மூட்டைய எவன் பிரிச்சது'ன்னு எப்படிக் கேட்டீங்க?"

திருமால் தோள் பையை இறக்கித் தரையில் வைத்தான்.

"சூடு ஏறாம இருந்திருக்கலாம். கலவை தப்பியிருக்கலாம். மூட்டைலதான் கோளாறுன்னே அப்ப யாருக்கும் தெரியாது," என்றாள் வேல்விழி. "குடோனையும் நீங்க பாக்கல. அந்தச் சாம்பல் நிறத்தப் பாத்ததும் பின்வரிசைன்னு வாய்ல வந்துச்சுன்னா, அதுல என்ன இருக்குன்னு வச்சவருக்குத்தான் தெரியும். யாரும் தொடவே மாட்டாங்கன்னு நம்பி அங்க வச்சீங்க. நீங்க ஊர்ல இல்லாதப்ப ஏற்பாடு மாறிப்போச்சு."

திருமால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மங்கலம்பேட்டைல மச்சான் எடத்துல சின்னதா ஒரு சூளை போட்டிருக்கேன். பொம்மை சுடலாம்னு. நெலம் போனப்புறம் என்னா பண்றது மேடம்? ஒடஞ்ச ஓடு ஏத்திக்கிட்டுப் போற டிராக்டர்ல கொஞ்சம் கொஞ்சமா கொண்டு போனேன். இன்னும் எதையும் பிரிக்கல. அப்படியே இருக்குது."

மதியத்துக்குள் சிர்கான் முழுவதும் ஜீப்பில் திரும்பி வந்தது. அமிர்தத்தின் எழுத்து அனுமதியோடு, மாதிரிக்கு ஒரு மூட்டையை மட்டும் ஸ்டேஷனில் வைத்துக்கொண்டாள் வேல்விழி. ஜீப்பில் ஏறும்போது திருமால் பாவாடையின் முகத்தைப் பார்க்கவில்லை.

அமிர்தம் சூளை வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "எது எதுல இந்த மாவு கலந்திருக்குதோ? முன்னாடி சுட்டதையும் நம்ப முடியாதே. எல்லாத்தையும் ஒடைக்கணுமா?"

"வேணாம்க்கா. இங்க வந்து பாருங்க." துர்கா திரையைத் திருப்பினாள். பின்வரிசை மூட்டைகள் ஒவ்வொன்றும் எந்தக் கலவைக்குப் போனது, எந்தச் சூளையில் வெந்தது என்று வரிசையாக ஓடியது. எல்லாமே இந்த ஒரு சூளையோடு நின்றது. "முன்னாடி ரெண்டு சூளைலயும் நல்ல சரக்கு. இன்னிக்கே பேக்கிங் போடலாம். இத மட்டும்தான் சரி பண்ணணும்."

அமிர்தம் திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு பாவாடையைக் கூப்பிட்டார். "காலைல அவன் கத்தறப்ப நான் உங்களுக்காக ஒரு வார்த்தை பேசல. தப்புதான். மனசுல வச்சுக்காதீங்க."

பாவாடை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அது கெடக்கட்டும்மா. மேல இன்னொரு பூச்சு குடுத்து, நாலு கட்டைய வச்சுப் பாப்போம்."

கையால் உரசி, நல்ல சிர்கான் கலந்த பூச்சில் முக்கி, சோதனைச் சூளையில் வைத்தார்கள். கொச்சி ஆளிடம் நடந்ததை ஒளிக்காமல் போனில் சொன்னார் அமிர்தம். முதல் பாதி வெள்ளிக்கிழமை வந்தால் போதும், மீதிக்கு ஒரு வாரம் பொறுக்கிறேன் என்றார் அவர்.

மறுநாள் காலை சோதனைச் சூளை திறந்தபோது பேக்கிங் பெண்கள் எல்லாரும் வாசலில் கூடி நின்றார்கள். பாவாடை இடுக்கியால் முதல் கட்டையை எடுத்து மணலில் வைத்தார். கண் கூசும் வெள்ளை.

யாரோ கை தட்டினார்கள். அமிர்தம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நிக்காதீங்கடி, மிச்சத்தையும் முக்குங்க," என்றார்.