மூச்சு விடும் கார்

எங்கள் வீட்டில் என்னைத் தூங்குமூஞ்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அது அநியாயம். நான் தூங்குவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பேன். யோசிக்கும்போது சில சமயம் வாய் கொஞ்சம் திறந்துகொள்ளும், அவ்வளவுதான்.

யோசிப்பதற்கு உலகத்திலேயே நல்ல இடம் எங்கள் காரின் பின் சீட்.

எங்கள் கார் எனக்கு மூத்தது. எனக்குப் பத்து வயது, அதற்குப் பதினான்கு. அது ஹைபிரிட் கார். அதாவது, பெட்ரோலில் ஓடும் எஞ்சினும் உண்டு, பேட்டரியில் ஓடும் மோட்டாரும் உண்டு. இரண்டும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ளும். தெருவில் மெதுவாகப் போகும்போது எஞ்சின் அணைந்துவிடும். சத்தமே இருக்காது. மரங்களும் மதில்களும் தாமாகவே பின்னால் நழுவும். அப்போது தரையில் போகிறோமா, மேகத்தில் போகிறோமா என்றே எனக்குத் தெரியாது.

அப்பா கண் பரிசோதித்து, கண்ணாடி போட்டுக் கொடுப்பவர். அவருக்குக் கடை கிடையாது. லென்ஸ் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு தூரத்துப் பள்ளிகளுக்குப் போவார். சனிக்கிழமைகளில் நானும் போவேன். எழுத்துப் பலகையை ஆடாமல் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. கண்ணை மூடாமல் நான் செய்யும் ஒரே வேலை அதுதான் என்று அம்மா சொல்வாள்.

பின் சீட்டின் இடது பக்கம் லென்ஸ் பெட்டிகள். வலது பக்கம் நானும் என் தலையணையும். அந்தத் தலையணையின் ஒரு மூலையில் தையல் விட்டுப் பஞ்சு எட்டிப் பார்க்கும். அதைச் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் நன்றாகச் சொருகி, தலையைச் சாய்த்துக்கொள்வேன். அது காரின் தலையணை. வீட்டுக்குள் கொண்டுபோவதே இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம்தான் கார் பெட்ரோலைத் தண்ணீராகக் குடிக்க ஆரம்பித்தது. லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர் ஓடிய கார், பதினைந்தைத் தாண்ட மறுத்தது.

ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார். "இனிமே கட்டுப்படி ஆகாது. வண்டியை வித்துடலாம்னு பார்க்கிறேன்."

"அப்புறம் மலைப் பள்ளிக்கு எப்படிப் போவீங்க?" என்றாள் அம்மா.

"பாதி தூரம் பஸ். மீதி நடைதான். ரெண்டு கையிலயும் பெட்டி இருக்கும். இவளைக் கூட்டிட்டுப் போக முடியாது."

நான் இல்லாவிட்டால் எழுத்துப் பலகையை யார் பிடிப்பார்கள்? மேகத்தில் போவது எப்படி?

சித்திதான் குறுக்கே வந்தாள். சித்தி கார் பட்டறையில் மெக்கானிக். "ரெண்டு வாரம் குடுங்க மாமா. என்னன்னு பார்த்துடறேன்."

சித்தியிடம் ஒரு பழக்கம் உண்டு. காரைத் தொடுவதற்கு முன் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வரிசையாக வைப்பாள். வேலை முடிந்ததும் எது எங்கே இருந்ததோ அங்கேயே வைப்பாள். முன்பு ஒரு தடவை யாரோ சீட்டில் வைத்திருந்த கேக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாளாம். அன்று முதல் இப்படி.

லென்ஸ் பெட்டிகளும் தலையணையும் பட்டறைப் பெஞ்சுக்குப் போயின. சித்தி வேலையில் இறங்கினாள். டயர்களில் குறைந்திருந்த காற்றை நிரப்பினாள். கூரை மேல் சும்மா இருந்த கேரியரைக் கழற்றினாள். "இது காத்தோட மல்லுக்கட்டிட்டே போகுது. அதுக்கும் பெட்ரோல்தான் செலவாகுது" என்றாள். பிறகு கம்ப்யூட்டரை மாட்டிப் பேட்டரியைப் பார்த்தாள். பேட்டரி நன்றாக இருந்தது.

சித்தி ஓட்டிப் பார்த்தாள். லிட்டருக்கு இருபத்தொன்று.

எல்லாப் பொருட்களையும் திரும்ப வைத்து அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா ஓட்டினார். பதினைந்து.

மறுபடி பட்டறை. இருபத்தொன்று. மறுபடி அப்பா. பதினைந்தரை.

"நான் ஓட்டினா இருபத்தொண்ணு. மாமா ஓட்டினா பதினஞ்சு. அப்ப கோளாறு கார்ல இல்லை" என்றாள் சித்தி.

"நான் எறும்பு மாதிரிதான் ஓட்டுறேன்" என்றார் அப்பா.

"எறும்புகூட உங்களை முந்திட்டுப் போகுது. ஆனா பெட்ரோல் மட்டும் எப்படித் தீருது?" என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

அதன்பிறகு அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, பெடலை மெல்லத் தொட்டுத் தொட்டு ஓட்டினார். சைக்கிள்காரர்கள் மணியடித்துவிட்டு முந்திப்போனார்கள். அப்படியும் பதினைந்துதான். பழைய கார் வாங்குபவரிடம் ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தைய நாள் சனிக்கிழமை. மலைப் பள்ளிக்குக் கடைசிப் பயணம். அங்கே எல்லாருக்கும் கண் பார்த்து முடித்தோம். ஒரு குட்டிப் பையன் என்னிடம், "அடுத்த தடவையும் நீதானே பலகை பிடிப்ப?" என்று கேட்டான். நான் பலகையால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது எனக்கு யோசிக்கக்கூட மனமில்லை. தலையணையை உருவி மடியில் வைத்துக் கட்டிக்கொண்டேன். கண்ணை மூடினேன்.

என் காதுக்குப் பக்கத்தில் எப்போதும் "உம்ம்ம்" என்று ஒரு சத்தம் கேட்கும். வண்டு பாடுவது போல இருக்கும். அது என் யோசனையின் சத்தம் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அன்றும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மெலிந்தது. பிறகு நின்றே போனது. அடிவாரத் தெருவுக்கு வந்தபோது எஞ்சினும் அணைந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நாங்கள் மேகத்தில் போனோம். சாலையோர மரங்களின் நிழல்கள் என் கைமேல் ஏறி இறங்கின. ஒரு மாடு தலையை ஆட்டிக்கொண்டே சத்தமில்லாமல் கடந்துபோனது.

சந்தோஷத்தில் தலையணையை அதன் இடத்தில் சொருகிச் சாய்ந்தேன். சில நிமிடங்களில் வண்டு பாட ஆரம்பித்தது. எஞ்சினும் எழுந்துகொண்டது.

நான் கண்ணைத் திறந்தேன்.

தலையணையை எடுத்தேன். அது இருந்த இடத்தில் சீட்டின் ஓரமாகச் சல்லடை போல ஒரு கறுப்புத் தட்டு இருந்தது. லென்ஸ் துடைக்கும் மெல்லிய காகிதம் ஒன்றை அதன் பக்கத்தில் கொண்டுபோனேன். காகிதம் என் விரலிலிருந்து நழுவித் தட்டில் போய் ஒட்டிக்கொண்டது.

கார் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நான்தான் இத்தனை நாளும் அதன் மூக்கைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறேன்.

தலையணையைச் சத்தமில்லாமல் வீட்டுக்குள் கொண்டுபோய்விட்டால் யாருக்கும் தெரியாது. கார் தானாகச் சரியானதாக நினைத்துக்கொள்வார்கள். அப்படியே செய்துவிடலாமா என்று ஒரு பாலம் கடக்கும்வரை யோசித்தேன்.

ஆனால் முன் சீட்டில் அப்பா, வெறுங்காலால் பெடலைத் தடவியபடி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வாரமாக எல்லாரும் அவரைத்தான் கேலி செய்தோம். நானும்தான் சிரித்தேன்.

"அப்பா, வண்டியை நிறுத்துங்க. கார் கெட்டுப்போனது உங்களால இல்லை. என்னால."

அப்பா ஓரமாக நிறுத்தினார். நான் தலையணையை வைத்துக் காட்டினேன், எடுத்துக் காட்டினேன், காகிதத்தை ஒட்டிக் காட்டினேன். கடைசியில் கொஞ்சம் அழுதும்விட்டேன். அப்பா குனிந்து, தன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்தத் தட்டை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் கண் பார்க்கிறேன். என் காருக்கு மூக்கு எங்க இருக்குன்னு பார்க்கலையே" என்றார்.

நேராகப் பட்டறைக்குப் போனோம். சித்தி அந்தத் தட்டைக் கழற்றினாள். உள்ளே இருந்த விசிறி கண்ணுக்கே தெரியவில்லை. பஞ்சு, பஞ்சு, அதன் மேல் தூசி, அதற்குள் என் தொலைந்துபோன ஹேர்பின்.

"பேட்டரி பின் சீட்டுக்கு அடியிலதான் இருக்கு. அது சூடாகாம இருக்க இந்த வழியாத்தான் காத்து போகணும்" என்றாள் சித்தி. "காத்து கிடைக்கலைன்னா பேட்டரி ஒதுங்கிக்கும். எல்லா வேலையும் எஞ்சின் தலையில விழும். அப்ப பெட்ரோல் தீராம என்ன செய்யும்?"

"நீ ஓட்டினப்ப மட்டும் எப்படி ஒழுங்கா ஓடுச்சு?" என்றார் அப்பா.

சித்தி பெஞ்சைப் பார்த்தாள். பிறகு என் தலையணையைப் பார்த்தாள். அவள் முகம் மெதுவாகச் சிவந்தது.

"நான்தான் ஒவ்வொரு தடவையும் இதை வெளியே எடுத்துட்டு ஓட்டினேன். உள்ளே பஞ்சு அடைச்சிருந்தும் ஏதோ கொஞ்சம் காத்து போயிருக்கு. அப்புறம் பத்திரமா அதே இடத்துல சொருகினதும் நான்தான். மன்னிச்சுக்குங்க மாமா."

"அப்படியே எறும்புகிட்டயும் மன்னிப்புக் கேளு" என்றார் அப்பா.

விசிறியைச் சுத்தம் செய்து, தட்டின் மேல் ஒரு மெல்லிய வலையைச் சித்தி பொருத்தினாள். மறுநாள் விடிந்ததும் பெட்டிகள், நான், தலையணை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு அப்பா ஊரைச் சுற்றிவிட்டு வந்தார். தலையணை என் மடியில் இருந்தது. அப்பா செருப்புப் போட்டிருந்தார். லிட்டருக்கு இருபத்துமூன்று.

வாசலில் கார் வாங்குபவர் காத்திருந்தார். கையை முழுதாக நீட்டிச் செய்தித்தாளைப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க, வண்டியைக் குடுக்கிறதா இல்லை" என்றார் அப்பா. "ஆனா பேப்பரை ஏன் அவ்வளவு தள்ளிப் பிடிக்கிறீங்க? உள்ளே வாங்க, உட்காருங்க."

நான் ஓடிப்போய் எழுத்துப் பலகையை எடுத்து வந்து, ஆடாமல் பிடித்தேன்.

அடுத்த மாதம் மலைப் பள்ளிக்குப் போனோம். அந்தக் குட்டிப் பையன் புதுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "உனக்கு மூக்குல மச்சம் இருக்கா" என்று ஆச்சரியப்பட்டான். திரும்பும் வழியில் அடிவாரத் தெரு வந்தது. எஞ்சின் அணைந்தது. அம்மா தைத்துக் கொடுத்த தலையணையைக் கட்டிக்கொண்டு நான் கண்ணை மூடினேன்.

"தூங்கிட்டியா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. யோசிக்கிறேன்."

என் பக்கத்தில் கார் மெல்ல மூச்சை உள்ளே இழுத்தது. அதுவும் யோசித்துக்கொண்டுதான் இருந்தது.